ஓடைமுடங்கியை வரைந்தவர்

"அப்போ இந்தச் செடி எங்கேயுமே கிடையாதா?"

"கிடையாதும்மா. மலையில இல்லை, ஆத்தோரத்துல இல்லை. நான் உக்காந்து வரைஞ்ச மேஜையில மட்டும்தான் முளைச்சது."

"விளையாடுறீங்களா?"

"ரெண்டு பஸ் மாறி, மூட்டு வலியோட வந்து விளையாடுறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?"

காப்பாட்சியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பதுபோல மறுபடியும் மேஜை மேல் குனிந்தார். இளம் பெண். அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மேஜையில் படாமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பார்த்தார்.

மேஜை மேல் விரிந்திருந்தது ஒரு பழைய வரைபடம். நான்கு மூலைகளிலும் மணல் நிரப்பிய சின்னத் துணிப்பைகள் அதை அழுத்திப் பிடித்திருந்தன. மலையும் ஆறும் கடற்கரையும் கொண்ட நிலப்பகுதி அது. ஆனால் ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் செடிகள். கடற்கரை மணலில் கற்றாழை, சமவெளியில் ஆமணக்கு, குப்பைமேட்டில் ஊமத்தை, ஆற்றுப் படுகையில் அதிமதுரம். ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர், எந்தப் பாகம் மருந்தாகும், எந்த நோய்க்கு ஆகும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. படத்தின் ஓரத்தைச் சுற்றி அந்தக்கால மருந்துக்கடைச் சாமான்கள்: மருந்து அரைக்கும் கல்வம், தராசு, கண்ணாடிப் புட்டிகள், மாத்திரை உருட்டும் பலகை. வலது மேல் மூலையில், அருவிக்குக் கீழே ஓடும் ஓடையின் கரையில், மூன்றாகப் பிளந்த இலையும் மணி போன்ற பூவும் ஐந்தாகப் பிரிந்த வேருமாக நின்றது ஓடைமுடங்கி. வேர் மருந்தாகும். மூட்டு வீக்கத்துக்கு.

"ஏன் இப்படி ஒரு பொய்யைச் சேர்க்கணும்?" என்று கேட்டார் காப்பாட்சியர்.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு வீட்டிலும் தெருவிலும் ஒரே பெயர்தான், அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்து, அது ஓடிவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்போ மருந்துக்கடைக்காரங்க ஒருத்தர் படத்தை ஒருத்தர் திருடுவாங்கம்மா. எங்க கடைப் படம் அச்சாகி வந்த சூடு ஆறுறதுக்குள்ள இன்னொருத்தன் அதையே காப்பியடிச்சு, தன் கடைப் பேரைப் போட்டு, டாக்டருங்க வீட்டுக்கெல்லாம் கொடுத்துடுவான். போய்க் கேட்டா, செடி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா, நாங்களும் மலைக்குப் போய்ப் பார்த்துத்தான் வரைஞ்சோம்னு சொல்லுவான். அச்சகத்து ஃபோர்மேன்தான் யோசனை சொன்னார். உள்ள ஒரே ஒரு பொய்யை வைங்க, திருடுறவன் அதையும் சேர்த்துத்தான் திருடுவான்னு. எல்லாப் படத்துலயும் ஒண்ணு இருக்குமாம். யாரும் வெளியில சொல்ல மாட்டாங்களாம்."

"யாராவது மாட்டினாங்களா?"

"மாட்டாம என்ன. ஒருத்தன் நம்ம செடிக்குக் காய்ச்சலும் குணமாகும்னு கூடச் சேர்த்துப் போட்டிருந்தான். கொஞ்சம் தாராளமான ஆளு."

காப்பாட்சியர் மறுபடியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மேஜையின் ஓரத்தில் இருந்த ஒரு தாளைத் தன் பக்கம் திருப்பினாள். வரைபடத்துக்குக் கீழே சுவரில் ஒட்டப்போகும் அட்டையின் மாதிரி அது. "மூலிகை வரைபடம். வரைந்து தொகுத்தவர்" என்று போட்டு, அதற்குக் கீழே அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது. தம்பி மருந்தியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அருங்காட்சியகத்தில் மருந்துக்கடைகளின் வரலாற்றுக்கென்று ஒரு புது அறை திறக்கப் போகிறார்கள். இந்தப் படத்தை முன்னிட்டு அந்த அறைக்கே அவன் பெயரை வைக்கப் போகிறார்கள்.

"தொகுத்தது அவன்தான். மலை மலையா அலைஞ்சு செடி கொண்டு வந்ததும் அவன்தான். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனா வரைஞ்சது நான். கோடு, நிழல், எழுத்து எல்லாம் நான். அதை மட்டும் ஒரு வரியாப் போடுங்க."

"இத்தனை வருஷம் நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"இத்தனை வருஷம் இது காலண்டர்லயும் டப்பாவிலயும் இருந்துச்சு. காலண்டரை வருஷம் முடிஞ்சா கிழிச்சுடுவாங்க, டப்பாவைத் தூக்கிப் போட்டுடுவாங்க. இது சுவரும்மா."

பெயர் போனது எப்படி என்றும் சொன்னாள். மருந்துக்கடை அப்பாவுடையது. மாடியில் சரக்கு அடுக்கும் அறையில் ஒரு மேஜையை ஒதுக்கிக் கொடுத்து அவளை வரையச் சொன்னதும் அப்பாதான். படம் முடிந்ததும், பள்ளிக்கூடத்தைத் தாண்டாத பெண்ணின் பெயரைப் போட்டால் டாக்டர்கள் மதிக்க மாட்டார்கள், மருந்து படித்தவன் பெயர் இருக்கட்டும் என்றார். தம்பிக்கு அப்போது கல்லூரி வேலை கிடைப்பதும் கிடைக்காததும் ஊசிமுனையில் நின்றது. சரி என்று அவளே தலையாட்டினாள். ஒரு பெயர்தானே என்று தோன்றியது. அதன்பின் படம் அச்சாக அச்சாக அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய எழுத்தானது.

"நான் உங்களை நம்பாம இல்லை," என்றார் காப்பாட்சியர். "ஆனா மேலதிகாரிங்க ஆதாரம் கேப்பாங்க."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். இடது கையை நீட்டி, விரல்களைத் தொங்கவிட்டு, ஓடைமுடங்கியின் வேருக்குப் பக்கத்தில் பிடித்தாள். மோதிரவிரல் நடுக்கணுவில் ஒடிந்து வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கடையின் ஷட்டரில் மாட்டிய விரல். படத்தில் வேரின் நான்காவது பிரிவு அதே கணுவில் அதே பக்கம் வளைந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் விலகி நிற்பதுகூட அப்படியே இருந்தது.

"இல்லாத செடிக்கு எங்கே போய் வேர் தேடுறது? வலது கை வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இடது கை சும்மா இருந்துச்சு. அதைப் பார்த்து வரைஞ்சேன்."

காப்பாட்சியர் குனிந்து விரலையும் வேரையும் மாறி மாறிப் பார்த்தார். போனை எடுத்து அந்தக் கையையும் வேரையும் சேர்த்துப் பல கோணங்களில் படம் எடுத்தார். அவருடைய கன்னம் சிவந்திருந்தது. "அம்மா, இது பெரிய விஷயம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பும் வழியில் பேருந்தில் அக்காவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே போகிற மரங்களையெல்லாம் ஒரே கோட்டில் வரைந்துவிட முடியும் என்பதுபோல இருந்தது அவளுக்கு.

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அருங்காட்சியகத்திலிருந்து தம்பிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்த தம்பியின் மனைவி, "வாங்கக்கா, வாங்க. ஊரெல்லாம் சொல்லி முடிச்சாச்சா, இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கா?" என்றாள்.

"உனக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரிதானே. எனக்கு எதுக்கு அலைச்சல்?"

தம்பி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். கோபம் வந்தால் அவன் குரல் தாழும். கல்லூரியில் கடைசி வரிசை மாணவர்கள் அந்தக் குரலைக் கேட்கவே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்களாம். எந்தச் செடியைப் பற்றிப் பேசினாலும் "வேரைப் பாருங்க, வேரைப் பாருங்க" என்று சொல்வதால் அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேர் வாத்தியார்.

"உக்காருக்கா. ஓடைமுடங்கி இல்லைன்னு சொன்னியாமே."

"இல்லாததை வேற எப்படிச் சொல்றது?"

"என் கையால பிடுங்கினேன். அருவிக்குக் கீழ, பாறையில வழுக்கி விழுந்து முழங்கால்ல தையல் போட்டாங்களே, அன்னிக்கு."

"அந்தத் தையல் கடையில விழுந்ததுக்குப் போட்டது. சிரப் பெட்டி மேல விழுந்தே. அப்பா உனக்காக அழலை, உடைஞ்ச பாட்டிலுக்காக அழுதார்."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர்ச் செம்பை எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

அவன் சிரிக்கவில்லை. பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது என்பதை அக்கா பார்த்தாள். அவன் அந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். வருடத்துக்கு வருடம் ஓடை அகலமானது, பாறை உயர்ந்தது. கடைசியாக அவள் கேட்டபோது ஒரு பாம்புகூட வந்திருந்தது. அவன் எழுதிய பாடப்புத்தகத்தில் ஓடைமுடங்கிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தான். அந்த அரைப்பக்கத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். வீட்டில் பேச எத்தனையோ இருந்தன, இது எப்போதும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.

"அக்காவுக்குக் கொஞ்ச நாளாவே மறதிங்க," என்றாள் தம்பி மனைவி, அக்கா அங்கே இல்லாத மாதிரி. "போன வாரம் பாலை அடுப்புல வெச்சுட்டு மாடியில போய் உக்காந்துட்டாங்க. பாத்திரம் கரியாப் போச்சு."

"பாலை மறந்தேன். படத்தை மறக்கலை."

"இந்த வீட்டுல உங்களுக்கு என்னக்கா குறை வெச்சோம்? கண் ஆபரேஷன் யாரு பண்ணி வெச்சது?"

"உன் வீட்டுக்காரன்தான். இல்லைன்னு சொல்லலை. கண்ணு எதைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுச்சுன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

அதற்குப்பின் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி மாடியேறி அவள் அறைக்கு வந்தான். மாடிப்படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும், அதனால் அவன் வருவது அபூர்வம். கட்டிலில் உட்காராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த வேரைக் கேட்டு ஜனங்க வந்தாங்களேக்கா. வித்தோமே. முழங்கால் வலி போயிடுச்சுன்னு ஒரு அம்மா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்களே."

"அழுதாங்க. அப்பா பொட்டலம் கட்டினது அதிமதுரம். படத்துல போட்டாச்சு, கடையில இல்லைன்னா மானம் போயிடும்னார்."

"நிஜமாவா?"

"நான்தானே இடிச்சுக் கொடுத்தேன்."

அவன் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தலைமுடி கொட்டிப்போன உச்சந்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. "அப்போ நான் பார்த்தது என்ன?" என்று கேட்டான். பாடம் புரியாத பையன் கேட்பதுபோல இருந்தது.

"என் படத்தைப் பார்த்தே. கல்லாவுக்குப் பின்னாடிதானே மாட்டியிருந்துச்சு. நாள் முழுக்க அதுக்கு எதிர நின்னே. பார்த்துப் பார்த்து அது உனக்கு மலையாயிடுச்சு."

அவன் கை முழங்கால் தழும்பைத் தடவியது. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதுதான் அவள் செய்த மடத்தனம். அவன் முதுகில் கை வைத்து, "ஓடை, பாறை, பாம்பு எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோடா. பாடப்புத்தகத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு அந்த ஒரு வரி போதும். வரைஞ்சது அக்கான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அவங்க போட்டுடுவாங்க," என்றாள்.

"காலையில போய்ப் பேசுறேன்."

"என்னன்னு பேசுவே?"

"பேசுறேன்கா."

இரண்டு நாள் கழித்து அருங்காட்சியகத்திலிருந்து அக்காவை அழைத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பி ஏற்கெனவே அங்கே இருந்தான். அவனும் காப்பாட்சியரும் எதற்கோ சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் காப்பாட்சியர் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அம்மா, உங்க பேரோட புது அட்டை ரெடி. நீங்கதான் முதல்ல பார்க்கணும்."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வரைந்து தொகுத்தவர் என்ற சொற்களுக்குக் கீழே தம்பியின் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஒரு கோடு போட்டு, குறிப்பு என்று தொடங்கி எழுதியிருந்தார்கள். வலது மேல் மூலையில் காணப்படும் ஓடைமுடங்கி என்ற செடி உலகில் இல்லை. படத்தைத் திருடுகிறவர்களைப் பிடிப்பதற்காக அந்தப் பொய்ச்செடியை வரைந்து சேர்த்தவர் பேராசிரியரின் தமக்கை. அதன்பின் அவள் பெயர்.

அவள் இன்னொரு முறை படித்தாள். பெயரில் பிழை இல்லை.

"மத்ததெல்லாம்?"

"எதும்மா?"

"கற்றாழை. ஆமணக்கு. இந்தக் கல்வம், தராசு. இதெல்லாம் யாரு வரைஞ்சதுன்னு போட்டிருக்கீங்க?"

காப்பாட்சியர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"அந்த வேர் உங்க கையோட அப்படியே பொருந்துதும்மா. அதுக்கு ஆதாரம் இருக்கு, போட்டோம். மத்த செடிங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடைக்கலை. சாரும், அந்த ஒண்ணை நீங்கதான் வரைஞ்சீங்கன்னு ஒத்துக்கிட்டார்."

"மத்ததுல என் கை எப்படிம்மா இருக்கும்? கற்றாழை கற்றாழை மாதிரி இருக்கணும்னு பாடுபட்டு வரைஞ்சேன். என் கை தெரிஞ்சிருந்தா அது கெட்ட படம். சரியா வரைஞ்சதெல்லாம் செடிக்குப் போயிடுச்சு. பொய்யா வரைஞ்சது ஒண்ணுதான் என் ஜாடையில இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"புரியுதும்மா," என்றார் காப்பாட்சியர். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தால் அட்டையில் ஒரு எழுத்தும் மாறப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"ஒரு பேப்பர் கொடுங்க. பென்சில் கொடுங்க. இங்கேயே வரைஞ்சு காட்டுறேன்."

கொடுத்தார்கள். அக்கா கற்றாழையைத் தொடங்கினாள். மடலின் விளிம்பை ஒரே இழுப்பில் மேலே கொண்டுபோய் நுனியில் கூராக்கி இறக்க வேண்டும். மனதில் அது இருந்தது. பென்சில் பாதியிலேயே நடுங்கியது. கோடு தண்ணீருக்குள் தெரிகிற கம்பிபோல நெளிந்தது. அடுத்த மடல் முதல் மடலுக்குள் போய் இடித்தது. முள் வைக்க வேண்டிய இடம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தாளை மூக்கருகே தூக்கிப் பார்த்து, மறுபடி கீழே வைத்து, அழுத்தி வரைந்தாள். நுனி ஒடிந்தது.

"நல்லா இருக்கும்மா," என்றார் காப்பாட்சியர். குழந்தை கிறுக்கிக் கொண்டுவந்து காட்டும் தாளுக்குச் சொல்கிற நல்லா இருக்கு அது. தம்பி இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வண்டி நிறுத்துமிடத்தைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை.

வெளியே நடைவழியில் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுதான் நீ பேசின லட்சணமா?"

"உனக்குப் பேர் வேணும்னே. பேர் வந்திருக்கு."

"நான் போட்ட ஒரே பொய்க்கு வந்திருக்கு."

"மெதுவாப் பேசுக்கா. அறைக்கே என் பேரை வெச்சுட்டாங்க. இப்போ போய் நான் வரையலைன்னு சொன்னா, அப்புறம் இந்தாளுக்கு எதுக்கு அறைன்னு கேப்பாங்க."

"செடியெல்லாம் தேடினவன் நீ. அதுக்குத்தான்னு சொல்லு."

"தேடினவனுக்கு எல்லாம் யாரும் அறை கட்ட மாட்டாங்கக்கா," என்றான் தம்பி. அவன் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம்கூட வெட்கமில்லை. வருத்தம்தான் இருந்தது. தன்னைப் பற்றியே அப்படி ஒரு வருத்தம் அவனுக்கு வெகுநாளாக இருந்திருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். சட்டைக் கையை விட்டுவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு அவள் போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். "நீங்க வரலைன்னா நாங்கதான் உங்களைப் பூட்டி வெச்சிருக்கோம்னு பேசுவாங்க," என்று தம்பி மனைவி அவளுடைய நல்ல புடவையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அக்காவும் கிளம்பினாள்.

புது அறையில் பெயின்ட் வாசனை இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழைய தராசுகள், நீலப் புட்டிகள், விஷம் என்று எழுதிய மரப்பெட்டி ஒன்று. நடுச்சுவரில் வரைபடம். அதன் வலது மேல் மூலைக்கு எதிரே ஒரு கம்பியை வளைத்துப் பெரிய பூதக்கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய கையின் புகைப்படம், வேருக்கு நேராக. கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, தங்கள் இடது கையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மீதிச் செடிகளுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

தம்பி பேசினான். தாழ்ந்த குரல். ஒலிபெருக்கி இருந்தும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"எங்க அக்கா சின்ன வயசுலயே குறும்பு. நான் மலையெல்லாம் அலைஞ்சு செடி செடியா வரைஞ்சு முடிச்சேன். இவங்க தன் பங்குக்கு ஒரு செடியைப் படைச்சுட்டாங்க. கடவுளுக்கு அடுத்தபடியா அந்த வேலையைச் செஞ்சது எங்க அக்காதான்."

சிரிப்பு. கைதட்டல்.

"நானும் விடலை. என் பாடப்புத்தகத்துலயும் அதே செடியைச் சேர்த்தேன். என் புத்தகத்தைக் காப்பியடிக்கிறவங்க அப்பதானே மாட்டுவாங்க? உங்கள்ல பல பேர் தேர்வுல ஓடைமுடங்கி பத்தி எழுதி மார்க் வாங்கியிருக்கீங்க. அந்த மார்க்கை நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

அறையே குலுங்கியது. பழைய மாணவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்த ஒரு முறை மட்டும் அவள் முகத்தில் கிண்டல் இல்லை. உடனே திரும்பிக்கொண்டாள்.

அக்கா கை தட்டினாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டாமல் அந்தக் கைகளை வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு மாணவி அவளிடம் வந்து, சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டாள். பிறகு உண்மையான ஆசையோடு, "உங்களுக்கு இவ்வளவு நல்லா வரைய வருதே. நீங்க சார்கிட்டக் கத்துக்கிட்டு வேற செடிகளும் வரைஞ்சிருக்கலாமே," என்றாள்.

"தோணலைம்மா," என்றாள் அக்கா.

எல்லோரும் தேநீருக்குப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். கோப்பைகளின் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவள் வரைபடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் செடிகள் தெரியவில்லை. பச்சையும் பழுப்புமாக ஒரு நிலம் மட்டும் தெரிந்தது. அதன் ஒரு மூலை பூதக்கண்ணாடிக்குள் புடைத்து வீங்கியிருந்தது.

தம்பி வந்தான். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "கார் வந்துடுச்சுக்கா. போலாமா?"

"அந்தக் கதவைச் சாத்திட்டு வா."

அவன் சாத்திவிட்டு வந்தான். உட்காராமல் நின்றான்.

"பேச்சு நல்லா இருந்துச்சு," என்றாள்.

"என்னை என்னக்கா பண்ணச் சொல்றே?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அட்டையை மாத்தச் சொல்லலை. புத்தகத்தை மாத்தச் சொல்லலை. உன் பொண்டாட்டிகிட்டகூட நீ சொல்ல வேண்டாம். இப்போ இந்த அறையில நீயும் நானும்தான் இருக்கோம். உன் பேர் போட்ட அறைதான், யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க." அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "இதை யார் வரைஞ்சதுன்னு என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிடுடா."